குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தினால் தோட்டப்புறங்களில் வேலை குறைந்துவிடாதா?

குறையும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை, மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த நான் ஏற்கவில்லை. 2013இல் மலேசியத் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2022இல் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700ஐ எட்டியது. இந்தக் காலம் முழுவதும் தோட்ட நிர்வாகங்கள் முறையிட்டு வந்தது ஆள் போதவில்லை என்றுதான்.

சுற்றுவட்டாரத்தில் வேலை கொடுப்பது ஓரிரு நிர்வாகங்கள் மட்டுமே என்றால், கூலியை அவர்களே நிர்ணயிப்பார்கள். அந்தக் கூலிக்கு எத்தனை பேர் வருவார்களோ அத்தனை பேரை வைத்தே வேலை ஓடும். அப்படிப்பட்ட இடத்தில் சட்டம் கூலியை ஓரளவு உயர்த்தினால், வேலைக்கு வருவோர் தொகை கூடவும் வாய்ப்புண்டு. அதைக் கெடுப்பது பெர்மிட் முறை. அந்நியத் தொழிலாளியின் பெர்மிட், அதாவது வேலை அனுமதி, ஒரே முதலாளியோடு கட்டுண்டது. கூலி போதவில்லை என்று அவர் பக்கத்துத் தோட்டத்துக்குக்கூடப் போக முடியாது. அந்நியத் தொழிலாளிக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் லெவிக் கட்டணமாக 2016இல் தீபகற்பத்துக்கு நிர்ணயித்ததும் தோட்டத்துறைக்கு ஆண்டுக்கு 640 ரிங்கிட், உற்பத்தித் துறைக்கோ 1,850. இடம் மாற முடியாத ஆள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது, இயந்திரம் வாங்கி, அதை இயக்க உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் நல்ல சம்பளமும் கொடுக்க எந்த நிர்வாகம் முன்வரும்? கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போகும் எங்கள் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று பேசுவோர் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கணவர் குலை வெட்டிச் செல்ல, பின்னால் மனைவி உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். இருவர் உழைப்பும் கணவர் பெயரில்தான் பதிவாகும். அந்தப் பெண்ணுக்கு இபிஎஃப் எனும் சேமநிதி இல்லை, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி இல்லை. வேலை இழந்தவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு வழங்கும், 2018இல் நடப்புக்கு வந்த வேலை காப்புறுதித் திட்டமும் அவரைச் சேராது. பெயரே பதிவாகாதவருக்குச் சம்பள உயர்வு எப்படிக் கிடைக்கும்?

சிறு கடைக்காரர்களின் சிரமம் வேறு வகை, அது உண்மையானதும்கூட. உள்ளூர் ஆள் ஒருவருக்கு 1,700 ரிங்கிட் கொடுக்கும் சாப்பாட்டுக் கடை, முதலாளி பங்கான 13 விழுக்காடு இபிஎஃப்புக்கு மேலும் 221 ரிங்கிட் கட்ட வேண்டும். புதிதாக ஆள் சேர்க்கும் சிறு கடைகளுக்கு அதில் ஒரு பகுதியை அரசாங்கம் சில காலம் ஏற்கலாம். தோட்டத்துறையில் நான் முதலில் கேட்பது, தொழிலாளி முதலாளியை மாற்றிக்கொள்ள பெர்மிட்டிலேயே வழி செய்வதும், லெவிப் பணத்தில் ஒரு பங்கை உள்ளூர் இளைஞர்களின் இயந்திரப் பயிற்சிக்கு ஒதுக்குவதும்தான்.