'லெட்பெல்லி' படத்தில் வருவதுபோல், அமெரிக்கக் கறுப்பின நாட்டுப்புறப் பாடகர் லெட்பெல்லி பாட்டுப் பாடியே சிறையிலிருந்து விடுதலை ஆனாரா? அந்தக் கிட்டார் ஒலியை நாம் கொண்டுவர முடியுமா?

படத்தில் வரும் டெக்சஸ் விடுதலையில் பாட்டுக்குப் பங்கு உண்டு. லூசியானா விடுதலைக்கும் பாட்டுதான் காரணம் என்று பலர் எழுதுவது தவறு.

1918-ல் டெக்சஸில் கொலை வழக்கு, 7 முதல் 35 ஆண்டு தண்டனை. வால்டர் பாய்டு என்ற பெயரில்தான் உள்ளே இருந்தார். ஆளுநர் பாட் நெஃப், எந்தக் கைதிக்கும் மன்னிப்பு தரமாட்டேன் என்று ஓட்டுக் கேட்டவர். அவரே சிறைக்கு வந்து பாட்டுக் கேட்டு, பதவி முடியும் தறுவாயில், 1925 ஜனவரியில் மன்னித்தார். அதற்குள் குறைந்தபட்ச 7 ஆண்டு ஏறக்குறைய கழிந்திருந்தது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

1930-ல் கொலைமுயற்சிக்காக லூசியானாவின் அங்கோலா சிறை. 1934 ஜூலையில் நாட்டுப்புறப் பாட்டுச் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் அங்கே ஒலிப்பதிவு செய்த தட்டில் ஒரு பக்கம் லூசியானா ஆளுநர் ஓ.கே. ஆலனுக்கு விண்ணப்பப் பாட்டு, மறுபக்கம் அவருடைய புகழ்பெற்ற 'ஐரீன்' பாட்டு. ஆகஸ்டில் விடுதலை. ஆனால் அது நன்னடத்தைத் தண்டனைக் குறைப்பில் வந்தது என்று சிறை நிர்வாகமே பிற்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறது.

கொலைகாரருக்கு வக்காலத்தா என்று சிலர் கிளம்புவார்கள். செய்த குற்றத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் விடுதலையான மனிதரை 1935-ல் செய்திப்படத்துக்காக மறுபடி கைதி உடையில் நடிக்க வைத்தார்களே, அது என்ன நியாயம்? அதே ஆண்டு லோமாக்ஸ் போட்ட ஒப்பந்தத்தில் வருமானத்தில் பாதி லோமாக்ஸுக்கு; தன் மகன் ஆலன் லோமாக்ஸையும் சேர்த்த பிறகு பாடியவருக்கு மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு. கார்டன் பார்க்ஸின் படம் (1976) சிறையோடு நின்றுவிடுவதால் இதெல்லாம் அதில் இல்லை. 1949 டிசம்பரில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே 'ஐரீன்' வேறொரு குழுவின் குரலில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

இனி கிட்டார். படத்தில் ரோஜர் மோஸ்லி நடிக்கிறார், பாடும் குரல் ஹைடைட் ஹாரிஸுடையது. அதனால் ஒலிக்கு லெட்பெல்லியின் பழைய பதிவுகளைக் கேளுங்கள். அவருடையது ஸ்டெல்லா நிறுவனத்தின் 12 கம்பி கிட்டார்; கம்பிகள் ஆறு ஜோடிகளாக இருக்கும். தடித்த கம்பி போட்டு, வழக்கமான சுருதியிலிருந்து நான்கு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கட்டை) அளவு இறக்கி 'சி'-க்கு வைப்பார், சில பதிவுகளில் 'பி' வரைக்கும் இறங்கும். நீங்கள் 'ஈ' கார்டு பிடித்தால் 'சி' கேட்கும். 12 கம்பி கிட்டாரில் வழக்கமாகக் கீழ்ச்சுருதி நான்கு ஜோடிகளுக்கும் ஆக்டேவ் கம்பி (ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது), மேல் இரண்டு ஜோடிக்கு ஒரே சுருதி. கடையில் வரும் மெல்லிய 10 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) செட்டை அப்படியே இறக்கினால் கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் அடித்து இரையும். 12-லிருந்து தொடங்கும் செட் வாங்குங்கள். அந்தத் தடித்த கம்பியை மட்டும் பழைய சுருதிக்கு ஏற்றிவிடாதீர்கள், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடலாம். கட்டை விரலில் பிக் (மீட்டும் வளையம்) மாட்டி, ஜோடியின் இரண்டு கம்பியும் ஒருசேர அதிரும்படி பாஸ் ஓட்டத்தை (கீழ்ச்சுருதி வரிசையை) அடியுங்கள். ஒரு கம்பி மட்டும் பட்டால் அந்த முழக்கம் வராது.