கோர் எத்தனை என்று கெர்னலுக்கு யார் சொல்வது? (கேள்வி பதில்)

மதுரை வட்டாரத்தில் ஆர்ம் போர்டுகளில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் கேட்டவை. (கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் அலகு; கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி.)

திருமங்கலத்திலிருந்து: அக்கா, பிசியில் எல்லா கோரும் தானா வந்துருது. ஆர்ம் போர்டுக்கு மட்டும் ஏன் ஒவ்வொண்ணா எழுதிக் கொடுக்கணும்?

பிசியிலும் யாரோ எழுதித்தான் கொடுக்கிறார்கள் தம்பி. பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணையில் கோர்களின் பட்டியல் இருக்கிறது. ஆர்ம் போர்டில் அந்த வேலை டிவைஸ் ட்ரீயின் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் ஃபைல்) ‘சிபியூஸ்’ நோடுக்கு, அதாவது அந்தப் பகுதிக்கு. அதில் எழுதாத கோர், கெர்னலைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. 64 பிட் ஆர்மில் கோர் ஒன்றுக்கு நான்கு வரி வேண்டும்: டிவைஸ்-டைப், கம்பேட்டிபிள், ரெக், எனேபிள்-மெத்தட்.

ஒத்தக்கடையிலிருந்து: ஆர்கே3399 சிப்போட டிவைஸ் ட்ரீ ஃபைலைப் பார்த்து ஆர்கே3588 சிப்புக்கு ரெக் 0, 1, 2, 3ன்னு போட்டேன். ஒரு கோர்தான் எந்திரிக்குது. லாக்கில் ‘ஃபெய்ல்டு டு பூட் சிபியூ1’, பக்கத்தில் -22.

ரெக் என்பது வரிசை எண் அல்ல, முகவரி. எம்பிஐடிஆர் ரிஜிஸ்டரில் அந்தக் கோர் தன்னைப் பற்றிச் சொல்லும் எண்ணை அப்படியே எழுத வேண்டும். மேலமாசி வீதியிலும் 1-ஆம் நம்பர் வீடு உண்டு, கீழமாசி வீதியிலும் உண்டு. வீதியைச் சேர்த்துச் சொன்னால்தான் தபால் போய்ச் சேரும். 3399-இல் கீழ் 8 பிட் வீட்டு எண், அடுத்த 8 பிட் வீதி. சின்னக் கோர்களான ஏ53 நான்கும் ஒரே வீதியில் 0 முதல் 3 வரை; பெரிய கோர்களான ஏ72 இரண்டும் அடுத்த வீதியில், ஹெக்ஸில் 100, 101.

3588-இல் இருக்கும் ஏ55, ஏ76 கோர்களுக்கு இந்தக் கணக்கு மாறிவிட்டது. கீழ் 8 பிட்டை கோருக்குள் ஓடும் த்ரெட்டின் எண்ணுக்கு விட்டுவிட்டு, கோர் எண் ஒரு படி மேலே ஏறிவிட்டது. ஆகவே ஹெக்ஸில் 0, 100, 200 என்று 700 வரை. நீங்கள் போட்ட 1-ஐ கெர்னல் பிஎஸ்சிஐ (கோரை எழுப்பவும் நிறுத்தவும் கேட்கும் முறை) வழியாக, தனக்கு முன்பே சிப்பில் ஏறியிருக்கும் ஃபர்ம்வேரிடம் கொடுத்து எழுப்பச் சொல்கிறது. அப்படி ஒரு விலாசமே இல்லை என்று ஃபர்ம்வேர் திருப்பி அனுப்புவதுதான் அந்த -22. கோர் 0 உங்கள் புண்ணியத்தில் வரவில்லை, அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பூட் கோர்.

இன்னொன்று: சிபியூஸ் நோடில் அட்ரஸ்-செல்ஸ் (முகவரிக்கு எத்தனை எண் என்று சொல்லும் வரி) 2 என்றிருந்தால் ரெக்கில் இரண்டு எண் வேண்டும். 100 என்று மட்டும் போடாமல் 0, 100 என்று போடுங்கள்.

மேலூரிலிருந்து: ஸ்டேட்டஸ் ‘டிசேபிள்டு’ன்னு போட்டும் அந்தக் கோர் ஓடுதே?

64 பிட் ஆர்மில் ஓடத்தான் செய்யும். சிபியூ நோடுக்கு ‘டிசேபிள்டு’ என்றால் ‘இப்போது தூங்குகிறது, எழுப்பலாம்’ என்று பொருள். புதிய கெர்னல்கள் ‘ஃபெய்ல்’ என்று போட்டால்தான் தாண்டிப் போகும். ஆர்ம் அல்லாத இன்னொரு சிப் வகையான ரிஸ்க்-ஃபைவில் ‘டிசேபிள்டு’ போதும். அந்த வகைச் சிப்பான சைஃபைவ் எஃப்யூ540-இல் எம்எம்யூ (நினைவக முகவரிகளை மாற்றித் தரும் பகுதி) இல்லாத முதல் கோரை அப்படித்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: 3399-இல் சின்னக் கோர், பெரிய கோர் எல்லாமே சிபியூ_கபாசிட்டி (கோரோட ஒப்பீட்டுத் திறன்) 1024 காட்டுது.

ஏதோ ஒரு கோரில் கபாசிட்டி-டிமிப்ஸ்-மெகாஹெர்ட்ஸ் (ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கோர் செய்யும் வேலையின் அளவு) வரி விடுபட்டிருக்கிறது. ஒன்றில் இல்லாவிட்டாலும் கெர்னல் மொத்தத்தையும் 1024 ஆக்கிவிடும். லாக்கில் ‘பார்ஷியல் இன்ஃபர்மேஷன்’ என்று தேடுங்கள். ஏ53-க்கு 485, ஏ72-க்கு 1024. உச்ச வேகம் 1416, 1800 மெகாஹெர்ட்ஸ் என்றால் சின்னக் கோருக்கு 485 × 1416 ÷ 1800, அதாவது 381 வர வேண்டும்.

கே.கே. நகரிலிருந்து: எல்லாம் திருத்தியாச்சு, ஒண்ணுமே மாறலை.

கெர்னலைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் பழைய டிடிபியையே (தொகுத்த டிவைஸ் ட்ரீ ஃபைல்) ஏற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். கெர்னல் கையில் வந்தது ப்ராக் என்ற ஃபோல்டருக்குக் கீழே டிவைஸ்-ட்ரீ ஃபோல்டரில் அப்படியே இருக்கும். அங்கே ரெக் ஃபைலை ஹெக்ஸ்டம்ப்பில் திறக்கும்போது பெரிய ‘சி’ ஆப்ஷன் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பைட்டுகள் ஜோடி ஜோடியாக இடம் மாறித் தெரியும்: 00 00 01 00 என்று இருப்பது 0000 0001 ஆகி, சரியான ஃபைலையே தப்பு என்று திருத்தப் போய்விடுவீர்கள்.