பேங்க் உடைந்த கதை

அன்புள்ள ஐயா,
மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. தமிழ் மீடியம், பிழை இருந்தால் மன்னிக்கவும். 'ரன்', 'பேங்க்' போன்ற சாதாரண ஆங்கிலச் சொற்களுக்கே அகராதியில் ஏகப்பட்ட பொருள் இருக்கிறது. மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா? எந்த அகராதி வாங்கலாம்? உச்சரிப்புக்கு என்ன செய்வது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,
முதலில் அந்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், எரிச்சலாக வருகிறது. உச்சரிப்பு கேட்கக் கேட்க வரும், விடுங்கள்.

'பேங்க்' என்று பார்த்ததும் சிரித்துவிட்டேன். எட்டாவது படித்தபோது, ஒரு ஐப்பசி அடைமழையில், ஜீப்பில் வந்த அதிகாரி எங்கள் ஊர் டீக்கடை போனில் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார். "என்னடா சொல்றாரு?" என்றார் அப்பா. என் காதில் விழுந்தது இரண்டே சொல்: பேங்க், பிரீச். "பேங்க உடைச்சுட்டாங்களாம்" என்றேன் கம்பீரமாக. அம்மாவின் சங்கிலி அங்கேதான் அடகில் இருந்தது. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

பெஞ்சில் தூங்கிவிழுந்துகொண்டிருந்த லஸ்கர் மட்டும் துள்ளி எழுந்தார். "லெப்டா ரைட்டா சார்?"

மூன்றாவது தாண்டாத மனிதர். எந்த வங்கிக்குள்ளும் நுழைந்ததில்லை. மதகு ஷட்டரை ஏற்றி இறக்குகிற வேலை. இன்ஜினியர்கள் பக்கத்தில் நின்றே காலம் போனது. அவருக்கு பேங்க் என்றால் ஆற்றங்கரை, பிரீச் என்றால் உடைப்பு. (லஸ்கர் என்ற சொல்லே பாரசீகத்தில் படை, பழைய கப்பல்களில் மாலுமி, நம்மூரில் ஷட்டர் திறப்பவர்.)

எந்த அகராதியைப் பார்த்து அவர் மனப்பாடம் செய்தார்? நீங்கள்தான் எதைச் செய்தீர்கள்? உங்கள் அம்மா புடவைத் தலைப்பில் முகம் துடைக்கிறார். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. இந்தப் பதிலுக்கும் தலைப்பு வைத்திருக்கிறேன். ஒருநாளாவது குழம்பினீர்களா? அப்புறம் ஆங்கிலம் என்றதும் மட்டும் ஏன் சொல்லைத் தனியாகப் பிடுங்கி நோட்டில் நடுகிறீர்கள்? 'ரன்' வந்தால் அதையே முறைத்துப் பார்க்காதீர்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பஸ் என்றால் ஓடுகிறது. மூக்கு என்றால் ஒழுகுகிறது. கடை என்றால் யாரோ நடத்துகிறார்கள். முழு வாக்கியமாக எழுதி வையுங்கள், அதுவும் உங்கள் ஊரில் நடக்கிற வாக்கியமாக.

சரி, அன்றைக்கு அதிகாரி "லெப்ட்" என்றார். லஸ்கர் மழையில் இறங்கி ஓடினார். உடைந்தது கரைதான், சங்கிலி பத்திரம் என்று புரிந்ததும் அப்பா நிம்மதியாக உட்கார்ந்து இன்னொரு டீ சொன்னார். பாதி டம்ளர் குடித்த பிறகுதான், எங்கள் வயல் இடது கரையில் இருப்பது அவருக்கு உறைத்தது.