கதவைத் திறந்து டிவியைப் போட்டு விடுகிறவர்

(வாசகர் கடிதம். எழுதியவரின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் அவர் கேட்டபடி எடுத்திருக்கிறேன்.)

அன்பின் அக்காவுக்கு,

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். எங்களுக்கு ஆங்கில ஆசிரியர் இல்லாமல் ஒன்றரை வருசம் போய்விட்டது. மே மாதத்தில் லண்டனில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் சிலர் சேர்ந்து ஒரு பெரிய டிவியும் ரவுட்டரும் வாங்கித் தந்தார்கள். அங்கிருந்து ஒரு டீச்சர் சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு சூம் வழியாகத் தரம் 9, 10 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறா. பெற்றோருக்கு நல்ல சந்தோசம். அதிபர் என்னிடம், "நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல டீச்சர், கதவத் திறந்து டிவியப் போட்டு விட்டாச் சரி" என்றார். நானும் நாலு மாதமாகப் போட்டு விடுகிறேன்.

ஆனால் பின்வாங்கில் இருந்து பார்க்கிற எனக்கு மனசு சரியில்லை. 31 பிள்ளைகளில் வாய் திறப்பது இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாத்துக்கும் "யெஸ் மிஸ்" என்கிறார்கள். லண்டன் டீச்சரைக் குறை சொல்ல ஏலாது, மிச்சம் அன்பானவா. இதை நான் வாய்விட்டுச் சொன்னால் கிடைத்ததையும் கெடுக்கப் பார்க்கிறாள் என்பார்கள். ஒன்லைன் படிப்பு எங்கள் பிள்ளைகளுக்குச் சரிவராதா, இல்லாவிட்டால் எனக்குத்தான் புதுசு பிடிக்கவில்லையா?

* * *

அன்பின் தங்கச்சி,

புதுசு பிடிக்காத ஆள் பின்வாங்கில் இருந்து எத்தனை பிள்ளை வாய் திறக்குது என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். அந்தச் சந்தேகத்தை முதலில் விடுங்கள். ஒன்லைன் படிப்பு நம்முடைய பிள்ளைகளுக்குச் சரிவரும். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆசிரியர் இருப்பது போல இந்தப் பக்கத்திலும் ஒருவர் இருக்கவேண்டும், அவர் சும்மா இருக்கக்கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

2020 மார்ச் 13இலிருந்து பாடசாலைகளை மூடினார்களே, அப்போது நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தரம் 8க்குத் தமிழ், 38 பிள்ளைகள். இரண்டு கிழமை பொறுத்து வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம், அதில் வந்து சேர்ந்தது 23 எண்கள். பிள்ளையின் சொந்தப் போன் என்று ஒன்றுகூட இல்லை. தகப்பனுடையது, தாயுடையது, அண்ணனுடையது, இரண்டு பேருக்குப் பக்கத்துக் கடைக்காரருடையது. நாட்டில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கணினி என்று தொகைமதிப்புத் திணைக்களத்தின் கணக்கு அந்தக் காலத்தில் சொன்னது, எங்கள் வகுப்பில் ஒரு வீட்டிலும் இல்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகு இன்னும் மோசம். நான் பகல் பத்து மணிக்குப் பாடம் போட்டால் போன் தகப்பனோடு வயல் வட்டையில் நிற்கும், இல்லாவிட்டால் மேசன் வேலைக்குப் போயிருக்கும்.

ஒரு பையன் மூன்று கிழமையாக ஒன்றுக்கும் பதில் போடவில்லை. எனக்குக் கோபம் வந்து, குழுவில் எல்லார் முன்னுக்கும் அவனுடைய பெயரைப் போட்டு, இப்படி அலட்சியமாக இருந்தால் எப்படிப் பாஸ் பண்ணுவாய் என்று எழுதிவிட்டேன். அன்று இரவு 9.40க்கு ஒரு படம் வந்தது. விரித்த கொப்பி, மேலே மங்கலான பல்ப் வெளிச்சம், போனைப் பிடித்த கையின் நிழல் நடுவில் விழுந்து பாதி எழுத்துத் தெரியவில்லை. அப்புறம் இன்னொரு படம், இன்னொன்று, மொத்தம் ஏழு. மூன்று கிழமைப் பாடத்தையும் அவன் செய்து வைத்திருந்தான். தகப்பன் வேலையால் வருவது எட்டு மணிக்கு, டேட்டா இருக்கிற நாளில் அவர் சாப்பிடுகிற நேரத்துக்குள் பாடத்தைப் பார்த்துக் கொப்பியில் இறக்கியிருக்கிறான், படம் அனுப்புகிற அளவுக்கு டேட்டா மிஞ்சவில்லை. கடைசியாக ஒரு வொய்ஸ், "அப்பா இண்டைக்குத்தான் ரீலோட் போட்டவர் டீச்சர்" என்று. நான் எழுதினதை உடனே அழித்தேன், ஆனால் அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அடுத்த நாள் அதே குழுவில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பறையில் என்றால் இந்தப் பிழை நடந்திருக்காது, அவன் முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கு என்று விளங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு நேரடி வகுப்பு எடுக்கிற யோசனையையே விட்டேன். மாலையில் நாலு நிமிசத்துக்குக் கூடாத வொய்ஸ், ஒரு பக்கச் செயலட்டை, பதில் அனுப்ப ஒரு கிழமை அவகாசம். வொய்ஸ் என்றால் டேட்டா கொஞ்சம்தான் போகும், எத்தனை தடவையும் திருப்பிக் கேட்கலாம். நான் எதிர்பாராத நன்மைகள் அதில்தான் வந்தன. வகுப்பில் வாய் திக்குகிற ஒரு பிள்ளை, வாசிக்க எழும்பினாலே மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு இருப்பவள், தனக்குப் பிடித்த மாதிரி வரும்வரைக்கும் அழித்து அழித்துப் பதிவுசெய்து ஒரு பாட்டு முழுவதையும் அனுப்பினாள். எட்டு மாதம் படிப்பித்தும் அவளுடைய குரலை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

இன்னொரு பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டுவேலை. பிள்ளை அம்மம்மாவோடு. அந்தத் தாய் என்னுடைய எண்ணைத் தேடி எடுத்து, "என்னையும் குழுவில போடுவீங்களா டீச்சர்" என்று கேட்டா. போட்டேன். அங்கே வேலை முடிய நம்முடைய நேரம் ராத்திரி பன்னிரண்டு தாண்டிவிடும். அந்த நேரம் மகள் அனுப்பிய கொப்பிப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்து, "இந்த ளகரம் பிழை மகள், வடிவாப் பார்" என்று வொய்ஸ் போடுவா. காலையில் எழும்பினால் பிள்ளைக்கு முதல் கேட்பது தாயின் குரல். தாய்மார் மத்திய கிழக்கில் இருக்கிற வீடுகள் நம்முடைய ஊர்களில் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வர முடியாத அந்தத் தாய்மாருக்கு வகுப்புக்குள் ஒரு கதவு திறந்தது என்றால் அது அந்தக் குழுவால்தான். பாடசாலைகள் திறந்த பிறகு அநேகமான இடங்களில் குழுக்களைப் படிப்புக்குப் பாவிக்காமல் அறிவித்தல் போடுகிற பலகையாக்கிவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் கவலை.

ஆசிரியர் பக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. ராத்திரி இருந்து அறுபது, எழுபது கொப்பிப் படங்களை விரலால் பெரிசாக்கித் திருத்தினால் கண் எரியும், கழுத்துப் பிடிக்கும். டேட்டா நம்முடைய காசு. எண் எல்லாரிடமும் போய்விட்டதால் பத்து மணிக்கும் கோல் வரும். இளம் டீச்சர்மாரின் படத்தை வகுப்பு நடக்கும்போது ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பரப்பின சம்பவங்களும் நடந்தன, அதைக் கேள்விப்பட்டு கமராவைப் போடாமலே படிப்பித்தவர்களை எனக்குத் தெரியும். 2021 ஜூலை 12இலிருந்து ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டுக்காக ஒன்லைன் படிப்பித்தலை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் போராடியபோது நிறையப் பேர் ஆசிரியர்களை ஏசினார்கள். பிள்ளைகளுக்கு அது இழப்புத்தான், மறுக்கமாட்டேன், ஆனால் ஒன்றரை வருசம் கைக்காசு போட்டு ஓடினவர்களின் களைப்பும் அதற்குள் இருந்தது. அதற்குப் பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, டீசல் இல்லை, பெற்றோல் இல்லை, பாடசாலையை மூடி ஒன்லைனில் படிப்பியுங்கள் என்றார்கள், கரண்ட் இல்லாத ஊரில் போனுக்குச் சார்ஜ் எங்கே இருந்து வரும்?

சரி, உங்கள் டிவிக்கு வருவோம். படுவான்கரைக்கு மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன் அந்தத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற இயந்திரப் பாதைக்குக் காத்து நின்று ஆற்றைக் கடந்து படிப்பிக்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. பாலம் வந்தால் ஆசிரியர் பிரச்சினை தீரும் என்று எல்லாரும் நம்பினோம். ஆசிரியர்கள் வந்தார்கள், நேரத்துக்கு வந்தார்கள், ஆனால் மணி அடித்தவுடன் அதே பாலத்தால் போய்விட்டார்கள். பாதையைப் பிடிக்க முடியாமல் ஊரில் தங்கி, பின்னேரம் பிள்ளைகளை முற்றத்தில் இருத்திப் படிப்பித்த பழைய வாத்திமார் மாதிரி இப்போது எத்தனை பேர்? பாலத்தை நான் குறை சொல்லவில்லை, அது இல்லாமல் செத்த உயிர்களை நான் அறிவேன். டிவியும் ஒரு பாலம் மாதிரித்தான் என்று சொல்ல வருகிறேன். லண்டன் டீச்சரை அது ஒரு மணித்தியாலத்துக்குக் கொண்டுவரும், மிச்ச ஆறு நாளுக்கும் அந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போவது நீங்கள்.

"எனக்கு ஆங்கிலம் தெரியாதே அக்கா" என்று சொல்வீர்கள். உங்களுக்குப் பிள்ளைகளைத் தெரியும், அவவுக்கு அது தெரியாது. 31 பிள்ளைகளின் பெயரையும், அவர்கள் இருக்கிற வரிசையையும் ஒரு தாளில் வரைந்து படமெடுத்து அவவுக்கு அனுப்புங்கள். "ஹூ கேன் ஆன்சர்" என்று பொதுவாகக் கேட்டால் நம்முடைய பிள்ளைகள் வாய் திறக்காது, அது அடக்கம், வளர்ப்பு அப்படி. பெயர் சொல்லிக் கேட்டால் எழும்பும். டிவிக்கு மேலே இருக்கிற கமராவில் பின்வாங்குப் பிள்ளைகள் புள்ளி மாதிரித்தான் தெரிவார்கள். உங்கள் போனையும் அதே வகுப்பில் இணைத்து, சத்தத்தை நிப்பாட்டி மைக்கையும் மியூட் பண்ணிவிட்டு, கையில் கொண்டு நடந்து, பதில் சொல்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். மைக்கைத் திறந்தால் டிவிச் சத்தத்தோடு மோதிக் கிரீச்சிடும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. ஒரு மணித்தியாலம் முழுக்க அவ கதைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று கேளுங்கள். பதினைந்து நிமிசம் அவ சொல்லட்டும், பிறகு பத்து நிமிசம் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகத் தங்களுக்குள் கதைத்துப் பார்க்கட்டும், அந்த நேரம் நீங்கள் வாங்கு வாங்காகப் போய் யாருக்கு விளங்கவில்லை என்று தமிழில் கேளுங்கள். கேட்க வெட்கப்படுகிற பிள்ளை துண்டில் எழுதித் தரட்டும், பெயர் வேண்டாம், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வகுப்பில் வரப்போகிற பத்துச் சொல்லை வெள்ளிக்கிழமையே வொய்ஸாக அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஊர் உச்சரிப்பு நம்முடைய பிள்ளைகளின் காதுக்குப் புதுசு, சொல்லே பிடிபடாதபோது பாடம் எப்படிப் பிடிபடும்? வகுப்பைப் பதிவுசெய்து உங்கள் போனில் வைத்துக்கொண்டால், மழை வெள்ளத்தில் வராமல் போன பிள்ளைக்குத் திங்கட்கிழமை இடைவேளையில் போட்டுக் காட்டலாம். 2024 நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள், சனிக்கிழமை வகுப்பு எம்மாத்திரம்.

உயர்தரத்துக்கு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கிற பெயர்போன ஆசிரியர்களின் வகுப்பை இப்போது வெல்லாவெளியிலும் வாகரையிலும் இருந்து பார்க்கலாம், டவுனில் றூம் எடுத்துத் தங்கவேண்டிய செலவு மிச்சம், அது பெரிய விசயம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடப்புத்தகங்கள் தமிழிலும் இருக்கின்றன, ரவுட்டர் இருக்கிற நாளில் இறக்கி வையுங்கள்.

அதிபரிடம் போகும்போது இந்த வகுப்புச் சரியில்லை என்று தொடங்காதீர்கள், சனிக்கிழமை உங்களுடைய வேலை என்ன என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள், அதைப் பதிவில் எடுத்துக்கொள்ளச் சொல்லியும் கேளுங்கள். கதவு திறக்கிற வேலை என்று கணக்கில் எழுதப்பட்டால் நாளைக்கு நீங்கள் இடமாற்றத்தில் போனதும் அந்த டிவி துணி மூடிக் கிடக்கும். படுவான்கரையில் அப்படிக் கிடக்கிற கணினி அறைகளை நான் கண்டிருக்கிறேன், திறப்பு யாரிடம் என்றுகூடத் தெரியாமல்.

நேர விசயத்தை மட்டும் பிந்தவிடாதீர்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு லண்டனில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அங்கே அதே பன்னிரண்டு மணி வகுப்பு உங்களுக்கு நாலரைக்கு வராது, ஐந்தரைக்குத்தான் வரும். முடிய ஆறரை. நவம்பரில் ஆறு மணிக்கே இருட்டு, மழை, ஒழுங்கையில் வெளிச்சம் இல்லை, யானை இறங்குகிற பக்கம், அந்த நேரம் 31 பிள்ளைகள் சைக்கிளிலும் நடையிலும் வீட்டுக்குப் போகவேண்டும். அவவுக்கு இது தெரிய வாய்ப்பில்லை, தெரிந்தால் காலை பதினொரு மணிக்கே தொடங்க ஓம் என்பா, அதற்கு இந்தக் கிழமையே ஒரு வொய்ஸ் போடுங்கள்.