கேலோ இந்தியா பட்டியலில் பெயர் சேர்க்க 35,000 ரூபாயா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 400 மீட்டர் ஓட்டத்தில் வருவாய் மாவட்ட அளவில் இரண்டாவதாக வந்தாள். ஸ்டேடியத்துக்கு வரும் கோச் ஒருவர், "35,000 ரூபாய் கட்டுங்கள். கோவாவில் நடக்கும் நேஷனலுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே மெடல் வாங்கினால் கேலோ இந்தியா பட்டியலில் பெயர் வந்துவிடும். மத்திய அரசு வருஷம் ஆறு லட்சம் தரும். பின்னால் ரயில்வேயில் வேலையும் உறுதி" என்கிறார். பிறந்த தேதியில் ஒரு வருஷம் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். 5,000 முன்பணம் ஜிபேயில் கொடுத்துவிட்டோம். மீதியைக் கட்டலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

கட்டாதீர்கள். இன்னொரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அவர் சொன்னதில் கேலோ இந்தியா என்றொரு திட்டம் இருப்பதும், அதில் ஆறு லட்சம் என்றொரு கணக்கு இருப்பதும் மட்டும்தான் நிஜம்.

முதலில் அந்த ஆறு லட்சம். கேலோ இந்தியா வீரராகத் தேர்வாகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்திருப்பது உண்மை. அதில் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வருவது 1.20 லட்சம், அதாவது மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுப் பணம். மீதி 5.08 லட்சம் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, உபகரணம், மருத்துவம், காப்பீடு என்று பிள்ளை சேர்ந்து பயிற்சி பெறும் அகாடமிக்குப் போகிற செலவு. அகாடமியில் சேராமல் வீட்டிலிருந்தபடி ஆறு லட்சத்தை வாங்கிவிட முடியாது. ஒரு முறை பெயர் வந்தால் எட்டு வருஷம் உறுதி என்பதும் இல்லை. ஆண்டுதோறும் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், தரம் இறங்கினால் பெயரை எடுத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் உங்கள் கோச் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்தது, அந்தப் பட்டியலில் பெயர் எப்படி வருகிறது என்பது. பணம் கேட்டு விண்ணப்பிக்க ஒரு படிவமே கிடையாது. கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள், அங்கீகாரம் பெற்ற தேசியப் போட்டிகள், அரசே நடத்தும் திறன் தேர்வுகள் ஆகியவற்றில் பிள்ளை காட்டும் திறமையை வைத்து, இந்திய விளையாட்டு ஆணையத்தின் தேர்வுக் குழுக்கள்தான் எடுக்கின்றன. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்ததே, அது இந்த இளைஞர் போட்டிதான். அதே ஆண்டு மார்ச்சில் 'கீர்த்தி' என்ற பெயரில் ஒரு திறனறித் தேர்வும் தொடங்கினார்கள். 9 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது, தடகளமும் அதில் உண்டு. அதற்கு இணையத்தில் நீங்களே பதிவு செய்யலாம். ஆனால் அது ஓடிக் காட்டுவதற்கான பதிவு. அதை உதவித்தொகைக்கான மனு என்று சொல்லிப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். மாவட்டங்களில் 'கேலோ இந்தியா மையம்' என்று பலகை மாட்டிய சிறிய பயிற்சி மையங்கள் உண்டு. முன்னாள் வீரர் ஒருவரைப் பயிற்சியாளராக வைத்து அரசு நிதியில் நடப்பவை. நல்ல ஏற்பாடுதான், பக்கத்தில் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் அந்த மையத்தில் ஓடுகிற பிள்ளை 'கேலோ இந்தியா வீரர்' ஆகிவிடாது. இந்த வித்தியாசம் பெற்றோருக்குத் தெரியாததுதான் இடைத்தரகருக்கு முதலீடு. அரசுக்குச் சம்பந்தமே இல்லாத சில தனியார் அகாடமிகளும் அதே சின்னத்தைப் பேனரில் அச்சடித்துக்கொள்கின்றன.

இப்போது கோவா 'நேஷனல்'. வருஷாவருஷம் எத்தனையோ குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். 'யூத்', 'ரூரல்', 'ஸ்டூடன்ட்', 'ஆல் இந்தியா' என்று முன்னால் ஒட்டிக்கொண்டு ஒரு சொசைட்டியைப் பதிவு செய்கிறார்கள். சொசைட்டிப் பதிவு எண்ணையே அரசு அங்கீகார எண் மாதிரி சான்றிதழின் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். கோவாவிலோ ஆக்ராவிலோ ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து 'நேஷனல்' நடத்துகிறார்கள். ஒரு பந்தயத்துக்கு மூன்று பேர், நான்கு பேர் ஓடுவார்கள், எல்லோருக்கும் மெடல். அடுத்த மாதம் 'இன்டர்நேஷனல்' என்று நேபாளத்துக்கு அழைப்பார்கள். பாஸ்போர்ட் தேவையில்லாத நாடு என்பதால் அது அவர்களுக்கு வசதி. ஊருக்குத் திரும்பினால் ரயில் நிலையத்தில் மாலை, பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ். பிள்ளை நிஜமாகவே சந்தோஷப்படும். பாவம், அதற்கு எதுவும் தெரியாது. பத்து வருஷம் கழித்து வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில்தான் அது வெறும் காகிதம் என்று தெரியவரும்.

எந்தப் போட்டி செல்லும் என்பதை எப்படிப் பார்ப்பது? ஒரு விளையாட்டுக்கு ஒரு தேசிய சம்மேளனத்தைத்தான் மத்திய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகம் அங்கீகரிக்கிறது. அந்தப் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. தடகளத்துக்கு இந்திய தடகள சம்மேளனம். அதன் கீழ் மாநிலச் சங்கம், அதன் கீழ் மாவட்டச் சங்கம். இந்த வரிசையில் வராத 'தடகள நேஷனல்' எதுவும் உங்கள் மகளுக்குப் பயன்படாது. பட்டியலை அந்தந்த வருஷம் பாருங்கள், ஏனென்றால் அங்கீகாரம் போய்வரும். மல்யுத்த சம்மேளனத்தை 2023 டிசம்பரில் அமைச்சகம் இடைநீக்கம் செய்து, 2025 மார்ச்சில்தான் அதை விலக்கியது. தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் 2025இல் வந்திருக்கிறது. அங்கீகாரம் கொடுக்கும் வேலையை அதன்படி ஒரு தேசிய வாரியம் பார்க்க வேண்டும். எந்த வாரியம் பார்த்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் போட்டியை நடத்தும் அமைப்பின் பெயர் அரசுப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா?

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, பள்ளி விளையாட்டு. உங்கள் மகள் அந்த வழியில்தான் இருக்கிறாள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று நம் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தினத் தடகளப் போட்டிகள் இருக்கின்றன அல்லவா, அவை தடகள சம்மேளனம் நடத்துவதில்லை. ஆனாலும் செல்லும். மாநிலப் போட்டியில் வென்று தமிழ்நாடு பள்ளி அணிக்குத் தேர்வாகும் பிள்ளைகள், இந்தியப் பள்ளி விளையாட்டுச் சம்மேளனத்தின் தேசியப் போட்டிக்குப் போகிறார்கள். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். இந்த ஒரு சம்மேளனம்தான் பல விளையாட்டுகளுக்கும் சேர்த்துப் பள்ளி அளவில் தேசியப் போட்டி நடத்துகிறது. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அதற்கென்று தனிப் படிவமே இருக்கிறது.

அங்கேயும் போலிகள் வந்துவிட்டன. பெயரில் 'ஸ்கூல்' என்று போட்டுக்கொண்டு வேறு அமைப்புகள் போட்டி நடத்துகின்றன. பிரித்துப் பார்க்க எளிய வழி, அணியை யார் அனுப்புகிறார்கள் என்று கேட்பது. நிஜமான பள்ளி நேஷனல் என்றால் மாநில அளவில் தேர்வு நடந்திருக்கும், கல்வித் துறையிலிருந்து பள்ளித் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் வரும், மாவட்ட உடற்கல்வி ஆய்வருக்கு விஷயம் தெரியும், துறை நியமித்த ஆசிரியர்கள் அணியுடன் போவார்கள். மாநிலப் போட்டிக்கே இன்னும் போகாத பிள்ளையை நேரே நேஷனலுக்கு அழைக்கிறார் என்றால், அது பள்ளி விளையாட்டும் இல்லை, சம்மேளன விளையாட்டும் இல்லை. வருவாய் மாவட்டத்தில் முதலிடம் வராதது ஒரு குறையும் இல்லை. அடுத்த வருஷம் இருக்கிறது.

இனி வேலை. மத்திய அரசு அலுவலகங்களில் விளையாட்டு வீரர்களை எடுக்க ஒதுக்கீடு இருக்கிறது. எந்தெந்த விளையாட்டுகள் என்ற பட்டியலும் உண்டு. 2020இல் அதை 43இலிருந்து 63 ஆக உயர்த்தினார்கள். தடகளம் அதில் நிச்சயமாக உண்டு. ஆனால் சரிபார்ப்பு மேசையில் மெடலை யாரும் எடைபோட மாட்டார்கள். பார்ப்பது படிவத்தையும் அதன் கீழே உள்ள கையெழுத்தையும். இரண்டாம் படிவம் தேசியப் போட்டிக்கானது, தேசிய சம்மேளனத்தின் செயலாளரோ மாநிலச் சங்கத்தின் செயலாளரோ கையெழுத்திட வேண்டும். மூன்றாம் படிவம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு. நான்காம் படிவம் பள்ளி தேசியப் போட்டிக்கு, அதில் கல்வித் துறை இயக்குநரகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி கையெழுத்திட வேண்டும். மூன்று தங்க முத்திரை, ஹோலோகிராம், நான்கு 'பிரசிடென்ட்' கையெழுத்து என்று பளபளக்கும் சான்றிதழ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் படிவத்தைப் பெற முடியாத பிள்ளைக்கு அவற்றால் வேலை கிடைத்து நான் பார்த்ததில்லை. படிவம் சரியாக இருந்தாலும் வேலை 'உறுதி' இல்லை. காலியிடம் அறிவிக்க வேண்டும், களத் தேர்வில் ஓடிக் காட்ட வேண்டும்.

வயதைக் குறைக்கும் பேச்சுக்கு வருகிறேன். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கடுமையாகச் சொல்வேன். வயது மோசடியைத் தடுக்க 2010லேயே தேசிய விதிமுறை வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் பிள்ளையின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கிறார்கள். மாட்டினால் போட்டித் தடை. அத்தோடு ஆதார் ஒரு தேதி, பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஒரு தேதி, பிறப்புச் சான்றிதழ் ஒரு தேதி என்று பிள்ளை வாழ்நாள் முழுக்க அலைய வேண்டும். கோச் அந்த நேரத்தில் வேறு பிள்ளைகளோடு கோவாவில் இருப்பார்.

உங்களுக்கு ஏன் இதெல்லாம் முன்பே தெரியவில்லை என்று நான் கேட்க மாட்டேன். தெரியப்படுத்த வேண்டியவர்கள் செய்யவில்லை. விளையாட்டு அரசியல் சாசனப்படி மாநிலத்தின் பொறுப்பு. பெரிய திட்டங்களும் பெரிய பணமும் தில்லியிலிருந்து வருகின்றன. சம்மேளனங்களோ இரண்டுக்கும் நடுவில் தனி ராஜ்ஜியம். மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் "அது சென்ட்ரல் ஸ்கீம்" என்பார்கள், தில்லி இணையதளத்தில் பார்த்தால் ஆங்கிலமும் இந்தியும்தான் கண்ணில் படும், சங்கச் செயலாளர் போனை எடுக்க மாட்டார். 2025-26 பட்ஜெட்டில் கேலோ இந்தியாவுக்கு மட்டும் 1,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தந்த வருஷம் எந்தப் போட்டிகள் செல்லும் என்று தமிழில் ஒரு தாளை அச்சடித்து ஒவ்வொரு ஸ்டேடியம் வாசலிலும் ஒட்ட அதில் எத்தனை ரூபாய் ஆகிவிடும்? அந்தத் தாள் இல்லாத இடத்தில்தான் இந்த ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கைச்செலவுப் பணமும் தாமதமாக வருகிறது என்று பிள்ளைகள் புலம்புகிறார்கள். 15 வயதுப் பிள்ளைக்குப் பாலும் முட்டையும் தவணை பார்த்தா வேண்டியிருக்கிறது?

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பள்ளியின் பி.டி. டீச்சரைப் பாருங்கள். மாவட்டத் தடகளச் சங்கத்தில் மகளின் பெயரைப் பதிய வேண்டும், இந்திய தடகள சம்மேளனத்தின் அடையாள எண் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். சங்கப் போட்டிகளுக்குச் சிறிய நுழைவுக் கட்டணம் இருக்கும், அது முறையானதுதான், ரசீது கேட்டு வாங்குங்கள். 14, 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காகச் சம்மேளனம் மாவட்ட அணிகளை அழைத்து ஒரு தேசியப் போட்டி நடத்துகிறது. உங்கள் மகள் வயதில் இந்திய அளவில் கண்ணில் படுவதற்கு அதுதான் நேரான கதவு, கட்டாயம் விசாரியுங்கள்.

அப்புறம் விடுதி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். கோடை விடுமுறையை ஒட்டித்தான் தேர்வு நடக்கும். மகள் இப்போது எட்டாம் வகுப்பு என்பதால் வரும் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புக்கு முயலலாம். இதை விட்டால் பதினொன்று வரை காத்திருக்க வேண்டும். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரைப் பிப்ரவரியிலேயே போய்ப் பாருங்கள், "அறிவிப்பு வந்தால் சொல்கிறோம்" என்று அனுப்பினால் மார்ச்சிலும் போங்கள். விடுதியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அந்த அலுவலகத்திலேயே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு போட்டிக்கு அங்கீகாரம் உண்டா என்று யாருமே பதில் சொல்லாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அமைச்சகத்தையே கேட்கலாம். 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும்.

கொடுத்த 5,000 ரூபாயை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும். எந்த அமைப்பு நடத்தும் போட்டி, அமைச்சக அங்கீகாரக் கடிதம் எங்கே என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்வி வந்தாலே பலர் பணத்தைத் திருப்பிவிடுவார்கள். தராவிட்டால் ஜிபே ரசீதையும் அவர் அனுப்பிய செய்திகளையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போகலாம். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். மகளின் ஆதார் நகலோ பிறப்புச் சான்றிதழின் அசலோ அவர் கையில் இருந்தால், பணத்துக்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள்.