திவாலான பிறகு வீட்டுக் கடன் கிடைக்குமா?

திவால் நடவடிக்கை முடிந்து ஓராண்டு ஆகிறது என்றும், இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தால் வீட்டுக் கடன் கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், எனக்குக் கிடைத்தது. ஆனால் காத்திருக்கும் காலத்துக்கு நிகராக, அந்தக் காலத்தில் உங்கள் கடன் அறிக்கையில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதும் முக்கியம் என்பதை, ஒருமுறை மறுக்கப்பட்ட பிறகே நான் தெரிந்துகொண்டேன்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் பொதுவாக 12 மாதங்களில் திவால் நிலையிலிருந்து விடுவிக்கிறார்கள் என்றாலும், அந்தப் பதிவு 6 ஆண்டுகள் கடன் அறிக்கையில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் திவால் நிலையே வழக்கமாக 3 ஆண்டுகளும் ஒரு நாளும் நீடிக்கும். நான் கடந்து வந்தது அமெரிக்கத் திவால் சட்டத்தின் 7ஆம் அத்தியாயம், அதாவது தவணைத் திட்டம் இல்லாமல், பெரும்பாலான கடன்களிலிருந்து நீதிமன்றம் விடுவிக்கும் முறை. அங்கே எஃப்.எச்.ஏ. என்னும் அரசு அமைப்பின் காப்பீடு பெற்ற கடனுக்குப் பொதுவாக 2 ஆண்டுகளும், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிகளின்படி வழங்கப்படும் கடனுக்கு 4 ஆண்டுகளும் கடந்திருக்க வேண்டும். 13ஆம் அத்தியாயத்தின் கீழ்த் தவணைத் திட்டத்தில் இருப்பவர், 12 மாதங்கள் தவறாமல் செலுத்தி, நீதிமன்றத்தின் அனுமதியையும் பெற்றால், திட்டம் முடிவதற்கு முன்பே எஃப்.எச்.ஏ. கடனுக்கு விண்ணப்பிக்க முடியும்.

7ஆம் அத்தியாயத்தில் இந்தக் காத்திருப்பு, மனு தாக்கல் செய்த நாளிலிருந்து அல்ல, கடன்களிலிருந்து உங்களை விடுவித்து நீதிமன்றம் ஆணையிட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. மாறாக, கடன் அறிக்கையில் திவால் பதிவு நீடிக்கக்கூடிய 10 ஆண்டுகள் தாக்கல் நாளிலிருந்து தொடங்குகின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, பத்து ஆண்டுகளுக்கு வீட்டுக் கடனே கிடையாது என்று நானும் என் மனைவியும் சில மாதங்கள் மனமுடைந்து இருந்தோம்.

இரண்டு ஆண்டுகள் நிறைவடைந்ததும் விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். திவாலில் சேர்க்கப்பட்டு நீதிமன்றத்தால் நீக்கப்பட்ட கடன் அட்டைப் பாக்கி ஒன்றை, அட்டை வழங்கிய நிறுவனம் இன்னும் நிலுவையில் இருப்பதாகவே தெரிவித்துவந்ததுதான் காரணம். விடுவிப்பு ஆணைக்குப் பின், நீக்கப்பட்ட ஒவ்வொரு கடனிலும் இருப்பு பூஜ்யம் என்றும், திவாலில் தீர்க்கப்பட்டது என்றும் காட்டப்பட வேண்டும். நான் விடுவிப்பு ஆணையின் நகலையும், மனுவுடன் தாக்கல் செய்திருந்த, எனக்குக் கடன் கொடுத்தவர்களின் பட்டியலையும் இணைத்து, கடன் அறிக்கை தயாரிக்கும் மூன்று நிறுவனங்களுக்கும் தனித்தனியாக ஆட்சேபக் கடிதம் அனுப்பினேன். பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு வரி திருத்தப்பட்ட பிறகு செய்த இரண்டாவது விண்ணப்பமே ஏற்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் வைப்புத்தொகை செலுத்திப் பெறும் கடன் அட்டை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மாதம் ஒரு சிறு செலவு செய்து, முழுத் தொகையையும் கெடு நாளுக்கு முன்பே கட்டிவந்தேன். வாடகையையும் வங்கி வழியாகவே செலுத்தினேன், ஏனெனில் கடன் கொடுப்பவர் அதற்குச் சான்று கேட்பார். விடுவிப்புக்குப் பின் ஒரு தவணை தவறினாலும், பழைய பழக்கம் மாறவில்லை என்றே அவர் எண்ணுவார். என் கருத்தில் திவால் பதிவைவிட அது பெரிய தடை.

விளக்கக் கடிதமும் கேட்டார்கள். மனைவியின் நீண்ட சிகிச்சையால் ஏறிய மருத்துவச் செலவு, அது தொடங்கிய மாதம், முடிந்த மாதம், இப்போதைய வருமானம் ஆகியவற்றை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆவணம் இணைத்தேன். பணம் வாங்கிக்கொண்டு திவால் பதிவையே அழித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். உண்மையான பதிவை அதன் காலம் முடியும் முன் நீக்கவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

செலவையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எஃப்.எச்.ஏ. கடனில் கடன் மதிப்பெண் 580 இருந்தால் 3.5 விழுக்காடு முன்பணமும், 500 முதல் 579 வரை என்றால் 10 விழுக்காடும் குறைந்தபட்சம் தேவை; பல வங்கிகள் இதைவிட உயர்ந்த மதிப்பெண்ணை எதிர்பார்க்கின்றன. முன்பணம் 10 விழுக்காட்டுக்குக் குறைந்தால், ஆண்டுக் காப்பீட்டுக் கட்டணத்தைக் கடன் முடியும்வரை செலுத்த நேரிடும். ஆகவே முடிந்தால் இன்னும் ஓராண்டு சேமித்து 10 விழுக்காட்டை எட்டிய பிறகு விண்ணப்பிப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

நீங்கள் இருக்கும் நாட்டில் காத்திருப்புக் காலம் எவ்வளவாக இருந்தாலும், கடன் அறிக்கையை இந்த வாரமே பெற்று, கடன் கொடுத்தவர்களின் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்காக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்துவதற்கு உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது. எனக்கு அது விண்ணப்பம் மறுக்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது.