62 வயது அம்மாவை அப்பா இன்னும் அடிக்கிறார், பிரிந்து வந்தாலும் பின்னாலேயே வருகிறார். இந்த வயதில் புகார் கொடுக்க முடியுமா?

முடியும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பெண்ணுக்கு வயது வரம்பே கிடையாது. எங்களுக்குச் சட்டத்தைவிட அக்கம்பக்கத்து வாய்தான் பெரும்பாடாக இருந்தது.

குடியாத்தத்தில் இருந்த என் பெரியம்மாவுக்கு அப்போது 64. மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். இந்த வயதில் யார் சந்தேகப்படுவார்கள்? சீட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையில் பீடி இலை நிற்கவில்லை. மடியில் இருக்கும் முறமெல்லாம் தூள் சிந்தும்.

காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். பத்தே நாளில் பெரியப்பா எதிர் டீக்கடை பெஞ்சில், காலை ஆறு மணிக்கே. திட்ட மாட்டார், கத்த மாட்டார், வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ரேஷன் கடை வரிசையில் நாலு ஆள் பின்னால் நிற்பார். வெள்ளிக்கிழமை வேலூர் கோட்டைக் கோயிலுக்குப் போனால் நமக்கு முன்னாடியே அகழி ஓரம் நிற்பார். தெருவே உருகியது: "வயசான காலத்துல பொண்டாட்டிய தேடிக்கினு வராரு, பாவம்." காவல் நிலையத்திலும் இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். பெரியம்மா பகலிலேயே ஜன்னலைச் சாத்தி லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சரி, செய்ய வேண்டியதுக்கு வருகிறேன். மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போய்ப் பாதுகாப்பு அலுவலர் யார் என்று கேளுங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போக அவர் உதவுவார். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மனுவில் "அடித்தார்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பின்னால் வந்ததைத் தேதி, மணி, இடத்தோடு எழுதுங்கள்; நாங்கள் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் குறித்து வைத்தோம். பாதுகாப்பு ஆணையில் (அவர் நெருங்கக் கூடாது என்று கோர்ட் போடும் உத்தரவு) வீடு, வேலை செய்யும் இடம், போன் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை. பின்தொடர்வதற்குத் தனியாகவே பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 78-ஆம் பிரிவு இருக்கிறது, அதில் புருஷனுக்கு விலக்கு எதுவும் இல்லை. மூத்த குடிமக்கள் சட்டம் என்று யாராவது ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்துக்கு அனுப்பினால் அலையாதீர்கள். அங்கே ஜீவனாம்சம் கேட்பது பிள்ளைகளிடமும் சொத்துக்கு வாரிசாகும் உறவினரிடமும்தான். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

அப்புறம், வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் முதலிலேயே சொல்லி வையுங்கள். ஆயா எந்த பஸ்ஸில் எங்கே போகிறது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தது என் பையன்தான். தாத்தா ஆசையாகக் கேட்கிறார் என்று நினைத்திருக்கிறான்.